ஐஸ் கடைசியில்தான்

எங்கள் வீட்டு ஆண்கள் கோபம் வந்தால் கத்துவதில்லை. சொந்த பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விருந்துக்கு வருவார்கள்.

என் அண்ணன் ஷுக்ரி ஈஸ்டருக்குப் பிறகு இரண்டு முறை அப்படித்தான் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். தன் தோட்டத்துத் திராட்சையில் தானே வடித்த அரக் ஒரு பாட்டில். அதைத் தன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தான், தானே ஊற்றினான், குடித்தது போக மிச்சத்தை மூடி திருகித் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். தங்கை வீட்டு மேசையில் வைத்த பாட்டிலை ஒரு அண்ணன் திரும்ப எடுத்துப்போவதா? எங்கள் ஊர் ஸஹ்லேயில் இதைவிட மரியாதையாக ஒருத்தியைச் செருப்பால் அடிக்க முடியாது. எதிர்வீட்டுக்காரி பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, மறுநாள் என் மருந்துக்கடைக்கு வந்து தலைவலி மாத்திரை கேட்டாள். அவளுக்குத் தலைவலி எதுவும் இல்லை. செய்திதான் வேண்டியிருந்தது.

நான் வதாத். ஆற்றுக்கு இறங்கும் சாலையில் இருபத்தாறு வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பிறந்தது அரக் வடிக்கும் வீட்டில். இந்த ஊரில் அது லேசுப்பட்ட விஷயமில்லை. மற்றவர்கள் குடும்பப் பெருமையை வாயால் சொல்ல வேண்டும், நாங்கள் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டர் முடிந்த வாரம், குளிர்காலம் முழுக்க ஓய்வெடுத்த புது அரக் ஒரு பெரிய கண்ணாடிக் குடம் நிறைய அண்ணன் வீட்டிலிருந்து எனக்கு வரும். அப்பா இருந்தபோது வந்தது. அப்பா போன பிறகும் வந்தது. இந்த வருஷம் வரவில்லை.

காரணம் நான்தான். இன்னும் சரியாகச் சொன்னால், என் காக்டெய்ல்.

நாலு வருஷத்துக்கு முன்னால், பெய்ரூத்துக்கு மருந்து எடுக்கப் போனபோது ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று ஒரு எஃகு ஷேக்கரைப் பார்த்தேன். பார்த்த நிமிஷமே அது என்னுடையது என்று தெரிந்துவிட்டது. கூடவே பழைய பேர்பெற்ற காக்டெய்ல்கள் எல்லாவற்றுக்கும் செய்முறை சொல்லும் தடிமனான புத்தகம் ஒன்றையும் வாங்கினேன். மருந்து கலக்கப் படித்தவளுக்கு இது என்ன பெரிய வித்தை? பத்து மில்லி, இருபது மில்லி, நாலு துளி. கசப்பை இனிப்பால் அடக்கு, இனிப்பைப் புளிப்பால் நிமிர்த்து. கடை ஒரு மணிக்குச் சாத்தி நாலு மணிக்குத் திறக்கும். அந்த மூன்று மணி நேரமும் சமையலறை மேடை என் ஆய்வுக்கூடம். குழந்தைகளுக்குச் சிரப் கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்சுதான் என் அளவை.

புத்தகத்தில் இருப்பதை இருப்பதுபோலச் செய்யக் கற்றுக்கொண்டதும் கை ஊறத் தொடங்கியது. விஸ்கியில் சர்க்கரைக்குப் பதில் கரூப் காயின் கறுத்த பாகு விட்டேன். மார்ட்டினியில் ஆலிவை எடுத்துவிட்டு உப்பில் ஊறிய வெள்ளரிப் பிஞ்சைப் போட்டேன். தக்காளிச் சாறு காக்டெய்லின் கிளாஸ் விளிம்பில் உப்புக்குப் பதில் சுமாக் பொடி தடவினேன். அது புளிக்கப் புளிக்க உதட்டில் ஒட்டும். ஒவ்வொன்றையும் முதலில் குடித்தது என் கணவன் மித்ரி. ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். குடித்துவிட்டுக் கண்ணை மூடி யோசித்து இருபதுக்கு மார்க் போடுவான். பத்து வாங்கினால் பாஸ். முப்பத்தைந்து வருஷ வேலையில் ஒரு பிள்ளைக்கும் பதினைந்துக்கு மேல் போட்டதில்லை என்பது அவன் பெருமை. வெள்ளரிப் பிஞ்சு மார்ட்டினிக்கு ஆறு போட்டான்.

"கடல்ல விழுந்த மாதிரியும் இருக்கு, ஊறுகாய் ஜாடில விழுந்த மாதிரியும் இருக்கு" என்றான்.

கரூப் பாகு விஸ்கிக்குப் பதினாலு. அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜின்னையும் விஸ்கியையும் தொட்டவள் அரக்கைத் தொடாமல் இருப்பாளா? இந்த வருஷ ஈஸ்டர் அன்று பதினெட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, நான் எழுந்து நின்று ஷேக்கரை எடுத்தேன். டைக்கிரி என்று கியூபாக்காரர்கள் குடிப்பது: ரம், எலுமிச்சை, சர்க்கரை, மூன்றே பொருள். ரம்முக்குப் பதில் அண்ணனுடைய அரக்கை ஊற்றினேன். புத்தகத்தில் சொன்னபடி ஐஸை அள்ளிப் போட்டேன். காது அதிர உலுக்கினேன். கிளாஸில் ஊற்றி முதல் கிளாஸை அண்ணன் முன்னால் வைத்தேன்.

வைத்த பிறகுதான் பார்த்தேன். மேலே ஏடு படிந்திருந்தது. ஆறிய பாலில் படியுமே, அதேபோல.

எங்கள் ஊரில் குழந்தை நடக்கப் பழகுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளும் விஷயம் இது. முதலில் அரக், அப்புறம் தண்ணீர், அது வெள்ளையானதும் கடைசியில் ஐஸ். தண்ணீருக்கு முன்னால் ஐஸ் பட்டால், அரக் வடிக்கும்போது சேர்க்கிற சோம்பின் எண்ணெய் உறைந்து ஏடாக மிதக்கும். ஒருமுறை குடித்த கிளாஸில் மறுபடி ஊற்றுவதும் கிடையாது. ஓரத்தில் ஒட்டியது அடுத்ததையும் கெடுக்கும். குடித்தது பிடித்து இன்னொன்று வேண்டுமென்றால் சுத்தமான கிளாஸ் கேட்க வேண்டும். யார் எத்தனை குடித்தார்கள் என்று எங்கள் பெண்களுக்குப் பாத்திரம் கழுவும்போதே தெரிந்துவிடும். இதெல்லாம் தெரிந்த நான், வெள்ளைக் கோட்டுப் புத்தியில், எங்கோ ஒருவன் எழுதிய புத்தகத்தை நம்பி, அரக்கின் தலையில் நேராக ஐஸைக் கொட்டியிருந்தேன்.

அண்ணன் கிளாஸைத் தொடவில்லை. விரலால் மெல்லத் தள்ளி வைத்தான்.

"நீ அரக்குக்காரன் வீட்டுப் பொண்ணா, பால்காரன் வீட்டுப் பொண்ணா?" என்று கேட்டான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்கூடச் சிரித்துவைத்தேன். அத்தோடு விட்டிருந்தால் போயிருக்கும்.

"நாக்கு செத்தவங்கதான் அரக்குல கண்டதைக் கலப்பாங்க, வதாத். கலக்குற வீட்டுக்கு என் அரக் எதுக்கு? இனிமே கடையில வாங்கிக் கலந்துக்க" என்றான்.

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஏடு படிந்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாக்கு செத்தவள் என்றானே, அது எனக்கு ஆறவில்லை. கண்ணைக் கட்டிவிட்டு வாயில் விட்டாலும் அவன் அரக் எந்த வருஷத்தது என்று சொல்லக்கூடியவள் நான். அவன் என் குடத்தை நிறுத்தியதைவிட என் நாக்கைச் சொன்னதுதான் வலித்தது.

மே மாதம் கடையில் அரக் வாங்கினேன். அரக்குக்காரன் வீட்டுப் பெண் கடையில் அரக் வாங்குவது மீன்காரி சந்தையில் மீன் வாங்குவதற்குச் சமம். பக்கத்து ஊர் வரை போய் வாங்கி, குழந்தைகள் டயபர் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்தேன். ஒத்திகைக்கு எல்லாம் அதுதான். போன வருஷத்துக் குடத்தில் மிஞ்சிய அண்ணனுடைய அரக் முக்கால் பாட்டில் இருந்தது. அதை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்து, நாள் பார்த்துத்தான் தொட்டேன்.

ஐஸ் விஷயம் ஒரே மத்தியானத்தில் தீர்ந்தது. புத்தகத்தை மூடினேன், என் ஊர் வழக்கத்தைத் திறந்தேன், அவ்வளவுதான். அரக், தண்ணீர், வெள்ளையாகும் வரை பொறுமை, பிறகு மற்றது, ஐஸ் கடைசியில். ஏடு படியவில்லை. ஆனால் ருசி? எலுமிச்சை சோம்போடு சண்டை போட்டது. சர்க்கரை நடுவில் நின்று வேடிக்கை பார்த்தது. மித்ரி எட்டு போட்டான், ஏழு போட்டான், ஒருநாள் ஒன்பது போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து ஒன்பதரை ஆக்கினான். எனக்கு அந்த அரை மார்க் பிச்சைதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்புறம் ஒருநாள், அதே டைக்கிரி பக்கத்தைப் படிக்கும்போது ஒன்று தைத்தது. ரம் கரும்பிலிருந்து வருகிறது. சர்க்கரையும் கரும்பிலிருந்து வருகிறது. கியூபாக்காரன் ஊர் ஊராய்ப் போய்ப் பொருள் தேடவில்லை. தன் வயலில் இருப்பதைத் தன் வயலில் இருப்பதோடு சேர்த்தான். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? திராட்சை அரக்கில் எங்கிருந்தோ வந்த சர்க்கரையைப் போட்டுவிட்டு ஒட்டவில்லையே என்று அழுகிறேன். எங்களிடம் திராட்சைச் சாற்றைக் காய்ச்சிய பாகு இல்லையா? புளிப்புக்குப் பழுக்காத திராட்சைக் காயைப் பிழிந்த ஹுஸ்ரும் இல்லையா? எலுமிச்சை கிடைக்காத காலத்தில் எங்கள் ஊர் சாலட்டுக்கெல்லாம் அதுதானே புளிப்பு?

அன்றே அண்ணிக்குப் போன் போட்டேன். அண்ணி பேர் நஜ்லா. பால்பெக்கிலிருந்து இங்கே வாழ வந்தவள்.

"அண்ணி, இப்ப அண்ணன் கொத்துக் கொத்தா காயைக் கிள்ளிப் போடுவானே, அதை என்ன பண்றீங்க?"

"கொஞ்சம் ஹுஸ்ரும் பிழிவேன். மிச்சம் மண்ணுக்கு."

"மண்ணுக்கு வேணாம். எனக்கு அனுப்புங்க. ஒரு ஜாடி திராட்சைப் பாகும் அனுப்புங்க."

அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "மறுபடியும் அந்த எஃகுச் சனியனா?"

"ஆமா."

"உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் வடிப்பாரு. சரி, வியாழக்கிழமை அவரு மேல்தோட்டத்துக்குப் போவாரு. அப்ப கொடுத்து விடுறேன்."

அப்படி வந்தன என் பொருள்கள். முப்பத்தொரு தடவை கலந்தேன். அளவுகளை மாத்திரை அட்டைப்பெட்டிகளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். ஹுஸ்ரும் கூடினால் பல் கூசியது. பாகு கூடினால் அரக் போர்வைக்குள் படுத்துவிட்டது. இருபத்தெட்டாவது தடவை இரண்டு மில்லி பாகைக் குறைத்தேன். முப்பத்தொன்றாவது தடவை வாயில் விட்டதும் முதலில் பச்சைக் காய் கடித்ததுபோலப் புளித்தது, பின்னால் பழம் வந்தது, எல்லாம் இறங்கிய பிறகு சோம்பு மெதுவாக எழுந்து நின்றது. ஒரு கொடியின் வருஷம் முழுக்க ஒரு மடக்கில் போனது. நான் மித்ரியைக் கூப்பிடவில்லை. தனியாக நின்று இன்னொரு மடக்குக் குடித்தேன். எனக்கு நானே கைதட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது, ஆனாலும் தட்டினேன்.

மித்ரி வந்து குடித்தான். கண்ணை மூடினான். மூடியபடியே இருந்தான்.

"பதினாறு" என்றான். சொல்லிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாத, என் பேரு கெட்டுடும்" என்றான்.

செப்டம்பரில், அறுவடைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அண்ணனையும் அண்ணியையும் சாப்பிடக் கூப்பிட்டேன். அண்ணனுக்கு என் கலவையின்மேல்தான் கோபம், சோற்றின்மேல் கிடையாது; வருகிறேன் என்றான். என் திட்டம் எளிமையானது. மாவு டப்பாவுக்குப் பின்னால் அவனுடைய அரக் நாலு கிளாஸுக்கு மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் கலந்து முன்னால் வைப்பேன். குடிப்பான். நல்லா இருக்கு என்று அவன் வாயிலிருந்து வந்த பிறகு, இது உன் அரக், உன் காய், உன் பாகு என்று சொல்வேன். பிறகு யார் நாக்கு செத்த நாக்கு என்று பார்க்கலாம்.

காலையிலேயே கரண்டு போய்விடும் என்று தெரிந்து, இன்சுலின் வைக்கும் குளிர்பெட்டியில் ஐஸை நிரப்பி வைத்திருந்தேன். அரக்கை அளந்து கண்ணாடிக் கூஜாவில் ஊற்றினேன். பக்கத்தில் தண்ணீர் ஒரு பாட்டில். பால்கனிப் பந்தலுக்கடியில் மேசை போடப்பட்டிருந்தது. தபூலே சாலட்டும், பச்சை இறைச்சியை அரைத்துச் செய்த கிப்பேயும் தயார். வெங்காயம் எடுக்கப் பின்கட்டுக்குப் போய்விட்டு இரண்டு நிமிஷத்தில் திரும்பினேன்.

மித்ரி கூஜாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கையில் தண்ணீர் பாட்டில். பாட்டில் காலி. கூஜா முழுக்க வெள்ளை வெளேரென்று இருந்தது.

"என்ன பண்ண?" என்றேன்.

"உனக்கு வேலை அதிகமா இருக்கேன்னு உதவி பண்ணேன்" என்றான்.

"மித்ரி, அதுக்குள்ள இருந்தது என்ன தெரியுமா?"

"அரக்கு."

"யாரு அரக்கு?"

அவன் கூஜாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மாவு டப்பாவைப் பார்த்தான். முகம் சுருங்கியது. "அரக்குப் பக்கத்துல தண்ணி இருந்துச்சு, வதாத். மனுஷன் வேற என்னதான் பண்ணுவான்?"

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். முப்பது மில்லிக்கு முப்பது மில்லி தண்ணீர் என்பது என் கணக்கு. இந்த மனுஷன் நாற்பது வருஷக் கையால் வழக்கப்படி ஒன்றுக்கு இரண்டு ஊற்றியிருந்தான். இதில் ஹுஸ்ருமும் பாகும் விட்டால் கொடியை அலசிய தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அவனை என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு எதைச் சொன்னால் எங்கே வலிக்கும் என்று தெரியும், அதை மட்டும் சொல்லலாம்.

கடை அரக் அலமாரியில் இருந்தது. எடுத்தேன். மூடியைக்கூடத் திருகினேன். பிறகு வைத்துவிட்டேன். அண்ணன் ஒரு வாயில் கண்டுபிடிப்பான் என்பது ஒரு பக்கம். கண்டுபிடிக்காவிட்டாலும், இன்னொருவன் அரக்கில் என் பெயரை மீட்க எனக்கு இஷ்டமில்லை.

வாசலில் அண்ணன் குரல் கேட்டது. கக்கத்தில் பாட்டில்.

தண்ணீர் கலந்த கூஜா மேசைக்குப் போனது. அண்ணன் அதைத் தூக்கிப் பார்த்தான். "யாரு கலந்தது? வாத்தியாரா? கொஞ்சம் தண்ணி தூக்கல்" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டிலை வழக்கம்போலத் தன் கைப்பக்கம் வைத்துக்கொண்டான். எங்கள் மேசைகளில் அரக் ஊற்றுவது ஒரே ஒருவர்தான். எந்த வீடானாலும், பதினெட்டுப் பேர் இருந்தாலும் நாலு பேர் இருந்தாலும், அது ஷுக்ரி. மற்றவர் கை அவன் பாட்டிலில் பட்டு நான் பார்த்ததில்லை.

நான் உட்காரவில்லை. ஷேக்கரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அண்ணி தன் தட்டைப் பார்த்தாள்.

"அண்ணே, உன் பாட்டில்லருந்து கொஞ்சம் ஊத்து" என்றேன்.

"எதுக்கு?"

"ஈஸ்டர்ல போன என் பேரைத் திரும்ப எடுக்க."

அண்ணன் பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். "என் அரக் தண்ணியைத் தவிர யாரையும் கட்டிக்காது."

"யாரையும் கட்டிக்க வேணாம். அதோட சொந்தக்காரங்களைப் பார்க்கட்டும்."

ஹுஸ்ரும் பாட்டிலைத் திறந்து, அவன் புறங்கையைப் பிடித்து ஒரு துளி விட்டேன். பிடிக்காதவன்போல நக்கினான். பிறகு அவன் முகம் மாறியது. இன்னொரு முறை நக்கினான்.

"இது மேல்தோட்டத்துக் காய். சுவரை ஒட்டின வரிசை" என்றான்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, பெருமையாகவும் இருந்தது. எவ்வளவு கோபமிருந்தாலும் அந்த நாக்கு அப்பாவின் நாக்கு. எனக்கும் அதேதான் இருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியவில்லை.

"என் காய் உன் வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

"நீ கிள்ளிப் போட்டதெல்லாம் காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு நெனச்சீங்களா?" என்றாள் அண்ணி, பதற்றத்தில் அவளுக்கு மரியாதை பாதிதான் வந்தது. "பாகும் நம்ம அண்டால காய்ச்சினதுதான். நான்தான் அனுப்புனேன். திட்டுறதுன்னா சாப்பிட்டுட்டுத் திட்டுங்க, கிப்பே காயுது."

அண்ணன் ஜாடியைப் பார்த்தான், ஹுஸ்ருமைப் பார்த்தான், கடைசியில் தன் பாட்டிலைப் பார்த்தான்.

"மூணும் ஒரே கொடி" என்றேன். "கியூபாக்காரன் ரெண்டைத்தான் ஒரே செடியிலருந்து எடுத்தான். புளிப்புக்கு வெளிய போனான். நமக்கு வெளிய போக வேண்டிய அவசியம் இல்ல."

"சோம்பு என் தோட்டத்துல வெளையலையே" என்றான். விட்டுக்கொடுக்க மனசில்லை.

"அது மருமக. வெளியூர்லருந்து வந்தா, இப்ப வீடே அவ பேரைச் சொல்லுது."

அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். அண்ணன் மூடியைத் திருகித் திறந்தான். ஆனால் பாட்டிலைக் கொடுக்கவில்லை. கையை நீட்டி, தானே ஷேக்கரில் ஊற்றத் தொடங்கினான்.

"போதும்" என்றேன். அவன் இன்னும் ஊற்றினான். நான் சிரிஞ்சை எடுத்து அதிகமானதை உறிஞ்சிக் கூஜாவில் விட்டேன்.

"ஊசியா? என் அரக்குக்கு என்ன ஜுரமா?"

"ஜுரம் உனக்கு. ஏப்ரல்லருந்து இறங்கல."

மித்ரி இருமினான். நான் தண்ணீரை அளந்து விட்டேன். ஷேக்கருக்குள் அரக் வெள்ளையாகும் வரை காத்திருந்தேன். ஹுஸ்ரும். பாகு. அண்ணனுடைய கண் என் கையை விட்டு நகரவில்லை. எதற்குக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். குளிர்பெட்டியைத் திறந்தபோது அவன் வாயைத் திறந்தான்.

"ஐஸ் கடைசியில" என்று நான் முந்திக்கொண்டேன். "நான் பொறந்ததும் ஸஹ்லேதான்."

உலுக்கினேன். ஈஸ்டரில் உலுக்கியதுபோலக் காட்சிக்காக இல்லை. கை குளிரும் வரை, சரியாக. கிளாஸில் ஊற்றினேன். பாலூற்றிய தேநீரின் நிறம். அழகான நிறமில்லை, அது எனக்கும் தெரியும். முப்பத்தொரு தடவையும் அந்த நிறத்தை மட்டும் என்னால் திருத்த முடியவில்லை.

அண்ணன் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். மேலே பார்த்தான், ஓரத்தைப் பார்த்தான். ஏடு இல்லை.

"மழை பேஞ்ச மறுநாள் நம்ம ஆறு இப்படித்தான் வரும்" என்றான்.

"ஆத்தைக் குடிச்சுப் பாரு."

குடித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிளாஸை வைத்தான். ரொட்டியைக் கிழித்து, கிப்பேயை அள்ளி, மேலே வெங்காயம் வைத்துச் சாப்பிட்டான். மெதுவாக மென்றான். எனக்குக் கால் வலித்தது, இருந்தாலும் உட்காரவில்லை. அண்ணி தன் கிளாஸைக் குடித்துவிட்டு ஏதோ சொல்ல வந்தாள். நான் கண்ணாலேயே நிறுத்தினேன். அவள் என் பக்கம் என்பது காயை அனுப்பிய அன்றே தெரிந்துவிட்டது. எனக்கு வேண்டியது இந்த ஒரு வாயிலிருந்துதான்.

அவன் மறுபடி எடுத்தான். ஒரே மடக்கில் முடித்தான்.

"இது அரக் இல்ல" என்றான்.

மித்ரி தன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"ஆனா அரக்கை இது கெடுக்கல." நாக்கால் மேலுதட்டைத் தடவிக்கொண்டான். "பாகை நீ கொஞ்சூண்டு குறைச்சிருக்க. குறைக்காம இருந்தா மேல்தோட்டத்துக் காய் தெரிஞ்சிருக்காது."

இரண்டு மில்லி. இருபத்தெட்டாவது தடவை. அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த இரண்டு மில்லியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. அவன் ஒரு வாயில் கண்டுபிடித்துவிட்டான். என் நாக்கைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, ஆனால் நான் செய்தது அவன் நாக்குக்குப் புரிந்துவிட்டது.

அண்ணன் தன் காலி கிளாஸை மேசை ஓரத்துக்கு நகர்த்தினான்.

"சுத்தமான கிளாஸ் ஒண்ணு கொண்டா" என்றான்.

மித்ரி என்னைப் பார்த்தான். மேசைக்கடியில் விரல்களை விரித்து மூடி, பதினெட்டு என்று காட்டினான். நான் சமையலறைக்குப் போய் நாலு சுத்தமான கிளாஸ்களை எடுத்தேன். துடைத்த ஒன்றையே மறுபடி துடைத்தேன்.

திரும்பி வந்தபோது அண்ணனுடைய பாட்டில் அவன் கைப்பக்கத்தில் இல்லை. மேசையைத் தாண்டி, ஷேக்கருக்குப் பக்கத்தில், என் இடத்தில் நின்றது. அவன் தபூலேயைப் பரிமாறிக்கொண்டிருந்தான், என்னைப் பார்க்கவில்லை.

"நீயே ஊத்து" என்றான். "அந்த ஊசியாலயே அளந்து ஊத்து. எனக்கு எதுக்கு வம்பு?"

உட்கார்ந்தேன். பாட்டிலை எடுத்தேன். அரக், தண்ணீர், கொஞ்சம் பொறுமை, ஹுஸ்ரும், பாகு, ஐஸ். அன்றைக்கு நாலு சுற்று போனது, முதல் சுற்றுக்குப் பிறகு எல்லாம் நான்தான் ஊற்றினேன், பாத்திரத் தொட்டியில் பதினாறு கிளாஸ். எதிர்வீட்டுக்காரி பால்கனியில் நெடுநேரம் துணி உலர்த்தினாள். அண்ணன் புறப்படும்போது பழக்கத்தில் பாட்டிலைத் தேடிக் கையை நீட்டினான். எடுத்துப்போக அதில் எதுவும் மிஞ்சவில்லை.